482 பிறந்த கதை

1987 நவம்பரில் ஹரியானா முதல்வர் தேவிலாலின் அலுவலகத்துக்கு ஒரு புகார் மனு வந்தது. முன்னாள் முதல்வரும் அப்போதைய மத்திய அமைச்சருமான பஜன்லால் வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்திருக்கிறார் என்பது புகார். முதல்வர் பார்த்துவிட்டார், தக்க நடவடிக்கை எடுக்கவும் என்ற குறிப்போடு மனு டி.ஜி.பி.யிடம் போனது. அங்கிருந்து ஹிசார் எஸ்.பி.யிடம். அவர், வழக்குப் பதிந்து விசாரிக்கச் சொல்லி ஸ்டேஷனுக்கு அனுப்பினார். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வரி, ஒரு கையெழுத்து. கடைசி மேஜையில் எஃப்.ஐ.ஆர்.

இருவருக்கும் இருந்த பகை ஊரறிந்தது. 1982 தேர்தலுக்குப் பிறகு தேவிலால் உரிமை கோரிய முதல்வர் நாற்காலி பஜன்லாலுக்குப் போயிருந்தது. ஆகவே, இது பழிவாங்கல் என்று பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார் பஜன்லால். 1988-ல் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. ஹரியானா அரசு உச்ச நீதிமன்றம் போனது.

அங்கே நடந்ததைச் சொல்லுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் ஊர்க் கோர்ட் வளாகங்களில் 'குவாஷ் போடலாமா?' என்று கட்சிக்காரர் கேட்பதும், 'ஒரு 482 போட்டுப் பார்ப்போம்' என்று வக்கீல் சொல்வதும் சாதாரணம். விசாரணைக் கூண்டில் ஏறாமலே, உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து (குவாஷ்) செய்து முடித்துக்கொள்ளும் வழி அது; 482 என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கான பிரிவின் எண். 1898-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படியொரு பிரிவே இல்லை. சிவில் பக்கம் 1908-லேயே 151-ஆம் பிரிவு வந்துவிட்டது: நீதி கெடாமல் காக்க நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உள்ள அதிகாரம் அப்படியே இருக்கிறது என்றது. கிரிமினல் வழக்குகளில் உயர் நீதிமன்றத்துக்கு அது உண்டா இல்லையா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, 1923 திருத்தத்தில் 561-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். 1973-ன் புதிய சட்டத்தில் அதே வாசகம்தான் 482 என்ற எண்ணைப் பெற்றது.

ஒற்றை வாக்கியம்தான். எப்போது ரத்து செய்யலாம், எப்போது கூடாது என்று அதில் ஒரு சொல் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை வழக்குகள். எனக்கு வேடிக்கையாகப் படுவது, அவற்றில் பெரிய வழக்குகளில் ரத்து கேட்டவர்கள் தோற்றுப்போனார்கள் என்பதுதான்.

முதல் அடி 1944-ல் விழுந்தது. க்வாஜா நசீர் அகமது என்பவர் மீதான போலீஸ் புலனாய்வையே 561-ஏயின் கீழ் லாகூர் உயர் நீதிமன்றம் நிறுத்தியிருந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. புலன் விசாரிப்பது போலீஸ் வேலை, குற்றச்சாட்டு தன் முன் வந்த பிறகே நீதிமன்றத்தின் வேலை தொடங்குகிறது. 561-ஏ புதிதாக எந்த அதிகாரத்தையும் கொடுக்கவில்லை, இருந்ததை இருப்பதாகச் சொல்கிறது, அவ்வளவுதான் என்றது. ஆனால் எஃப்.ஐ.ஆரில் குற்றமே தெரியவில்லை என்றால் போலீஸுக்குப் புலனாயும் அதிகாரம் கிடையாது என்றும் ஓரமாகச் சொல்லிவைத்தது. பிற்காலக் கட்டடம் எழும்பியது அந்த ஓரத்து வரியின் மேல்தான்.

1960-ல் ஆர்.பி. கபூர் வழக்கு. இவர் ஐ.சி.எஸ். அதிகாரி, நில விவகாரத்தில் அவர் மீது எஃப்.ஐ.ஆர். நீதிபதி கஜேந்திரகட்கர் மூன்று சூழ்நிலைகளைச் சொன்னார்: வழக்கு நடத்தவே சட்டத் தடை இருந்தால்; புகாரை அப்படியே நம்பினாலும் குற்றம் ஆகாவிட்டால்; சாட்சியமே இல்லாவிட்டால் அல்லது இருப்பது குற்றத்தை நிரூபிக்கவே போதாவிட்டால். இந்த மூன்றிலும் கபூர் அடங்கவில்லை. மனு தள்ளுபடி.

இனி ஹரியானாவுக்குத் திரும்பலாம். 1990 நவம்பர் 21-ல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன்; திருநெல்வேலிச் சீமைக்காரர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகுமுன் திமுகவில் இருந்தவர். அரசியல் பகை எப்படி வழக்காக மாறும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் பகை இருக்கிறது என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். அதுவரையிலான தீர்ப்புகளை அலசி, ரத்து செய்யத்தக்க ஏழு வகைகளை எண்ணிட்டு எழுதினார். கபூர் வழக்கின் மூன்றும் அதில் உண்டு. அறிவுள்ள எவரும் நம்ப முடியாத அபத்தமான புகார் ஐந்தாவது. வஞ்சம் தீர்க்கவென்றே தொடுத்த வழக்கு ஏழாவது. பஜன்லால் பிடித்துத் தொங்கியது இதைத்தான்.

அவருக்கு அது கைகொடுக்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் ரத்து உத்தரவை உச்ச நீதிமன்றம் நீக்கியது, எஃப்.ஐ.ஆர். மீண்டும் உயிர்பெற்றது. புலனாய்வு செய்த இன்ஸ்பெக்டருக்கு ஊழல் தடுப்புச் சட்டப்படி முறையான அனுமதி இல்லை என்பதால் அவருடைய புலனாய்வு மட்டும் விழுந்தது. இந்த அதிகாரத்தை அரிதிலும் அரிதாகவே எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் தீர்ப்பில் இருக்கிறது. இன்றைக்குக் குவாஷ் மனுக்களில் ஏழு வகைகளை வரிசையாக எடுத்துப் போடுகிறவர்கள் இந்த எச்சரிக்கையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான். அரசு வக்கீல் எழுந்ததும் முதலில் வாசிப்பது அதைத்தானே!

சென்னையிலும் மதுரைக் கிளையிலும் இந்த மனு கிரிமினல் ஓ.பி. என்று எண்ணிடப்படுகிறது. சாட்சி விசாரணை கிடையாது. எஃப்.ஐ.ஆரில் இருப்பது எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டு, அப்படியும் குற்றம் ஆகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். 'அன்று நான் ஊரிலேயே இல்லை' என்ற வாதம் இங்கே எடுபடாது. அது விசாரணைக்கான சரக்கு. குற்றப்பத்திரிகை வந்த பிறகு விசாரணை நீதிமன்றத்திலேயே விடுவிப்பு மனு போடுவது தனி வழி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அதற்கு 60 நாள் கெடு வைத்திருக்கிறார்கள். 482-உம் அதே சட்டத்தில் 528 ஆகிவிட்டது.

பிற்பாடு வந்தது சமாதான வாசல். கணவன் மனைவி வழக்கு, பணத் தகராறு போன்றவற்றில் இரு தரப்பும் ராசியாகிவிட்டால் சட்டப்படி சமரசத்துக்கு இடமில்லாத குற்றத்தையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, அரசு ஊழியர் ஊழல் ஆகியவை இதில் சேராது.

அந்த எல்லை எங்கே என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. போக்குவரத்துத் துறையில் வேலை வாங்கித்தரப் பணம் பெற்றதாக அப்போது அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி உள்ளிட்டோர் மீதிருந்த வழக்கு ஒன்றை, சமாதானமாகிவிட்டது என்று இரு தரப்பும் சொன்னதன்பேரில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயமல்ல இது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை மீட்டது. மேல்முறையீடு செய்தவர், அந்த வேலைக்கான தேர்வில் கலந்துகொண்டும் தேர்வாகாமல் போனவர்.