குறையறிவித்தற் கடமையும் அதன் வரலாறும்

மோட்டார் வாகனமொன்றின் குறையை அதனைச் செலுத்துவோர் பெரும்பாலும் விபத்தின் பின்னரே அறிகின்றனர். அதனைச் செய்தோரோ பல வேளைகளில் முன்னரே அறிந்திருப்பர். அவ்வாறு அறிந்ததை மறையாது அறிவிக்க வேண்டுமென்னும் கடமை சட்டமாகிய வரலாற்றை ஐக்கிய அமெரிக்காவில் தெளிவாகக் காணலாம்.

1960களின் நடுப்பகுதி வரை, வீதி விபத்துகளுக்குச் சாரதியின் கவனயீனமே காரணமெனும் கருத்து அங்கு மேலோங்கியிருந்தது. 1965இல் ரல்ப் நேடர் வெளியிட்ட நூலொன்று வாகனத்தின் அமைப்பையே குற்றஞ்சாட்டியது. அவரைப் பின்தொடர ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் துப்பறிவோரை ஏவியமை அம்பலமாகி, 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனற் சபைக் குழுவின் முன் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்ட சட்டம், பாதுகாப்புக் குறையைக் கண்ட உற்பத்தியாளர் வாங்கியோருக்கும் அரசுக்கும் அறிவித்தல் வேண்டுமென விதித்தது. ஆயினும், செலவின்றித் திருத்திக் கொடுக்கும் கடமை 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே ஏற்பட்டது.

இக்கடமை நாட்டெல்லையைத் தாண்டவில்லை. 1999இல் சவூதி அரேபியாவில் போர்ட் நிறுவனம் தன் எக்ஸ்புளோரர் வாகனங்களின் பயர்ஸ்ரோன் ரயர்களை மாற்றிக் கொடுத்தது. அதனை அமெரிக்க அரசுக்கு அறிவிக்கவில்லை. அறிவிக்குமாறு அன்றைய சட்டமும் பணிக்கவில்லை. 2000 ஓகஸ்ட்டில் ஏறத்தாழ 65 இலட்சம் ரயர்கள் மீளப்பெறப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் உருவான சட்டம், பிறநாடுகளில் எடுக்கப்படும் இத்தகைய நடவடிக்கைகளையும், மரணம், காயம் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் அறிவிக்குமாறு கட்டளையிட்டது.

விதிகள் பெருகியமையால் மட்டும் குறை தீர்ந்துவிட்டதா? ஜெனரல் மோட்டோர்ஸின் சில கார்களில், எஞ்சினை இயக்கும் திறப்பு ஆளி ஓட்டத்தின்போதே இடம்பெயர்ந்தது. எஞ்சின் நின்றது, மோதலின்போது காற்றுப்பைகளும் விரியவில்லை. ஆளியின் பலவீனத்தைப் பொறியியலாளர் சிலர் 2000களின் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். 2006இல் அது மாற்றியமைக்கப்பட்டபோதும் உறுப்பின் இலக்கம் மாற்றப்படாமையால், பழையதையும் புதியதையும் பதிவேட்டைக் கொண்டு பிரித்தறிய இயலாதாயிற்று. சாரதிகளின் முறைப்பாடுகள் அரச நிறுவனத்தை அடைந்திருந்தும், விசாரணை நடத்தவேண்டுமென 2007இல் அங்கு எழுந்த யோசனை கைவிடப்பட்டது. 2014இல் ஏறத்தாழ 26 இலட்சம் வாகனங்கள் மீள அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. உரிய காலத்தில் அறிவிக்காமைக்கு விதிக்கப்பட்ட 350 இலட்சம் டொலர் தண்டமே அன்றைய சட்டம் அனுமதித்த உச்சத் தொகையாகும்.

இவ்வரலாற்றில் ஒவ்வொரு விதியும் உயிரிழப்புகளின் பின்னரே பிறந்தது. அன்றியும், 2014ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் அறிவு இல்லாதிருக்கவில்லை; அது பொறியியலாளர் மேசையிலும் முறைப்பாட்டுக் கோவையிலும் நீதிமன்ற வழக்குகளிலும் சிதறிக் கிடந்தது. அறிவிக்குமாறு உற்பத்தியாளரை நிர்ப்பந்திக்கும் சட்டம் இன்றியமையாதது. எனினும், வந்துசேரும் சாதாரண சாரதியின் முறைப்பாட்டை ஏனையவற்றோடு இணைத்து நோக்கி உடனே செயற்படும் கடமை அரசையும் சார்ந்ததென்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.