சேம அச்சும் டிஃப்ரன்ஷியலும்

உப்பு வண்டிக்கு அன்று முதல் அச்சுதான் கவலை. சங்க காலத்து உமணர்கள் கடற்கரை உப்பை மாட்டு வண்டியில் உள்நாட்டுக்குக் கொண்டு போனபோது, வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். வழியில் மேடு பள்ளம் எப்படி என்று தெரியாதவனுக்கு அது காப்பு.

ஆனால் அந்த வண்டிக்குத் திருப்பம் ஒரு பிரச்சினையே இல்லை. மாடு இழுக்கிறது, சக்கரங்கள் அச்சில் தனித்தனியே உருள்கின்றன. திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், உள்பக்கம் குறைவாகச் சுற்றும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 6 அடி என்றால், ஒரு முழு வட்டம் அடித்து வருவதற்குள் வெளிச் சக்கரம் ஏறக்குறைய 38 அடி அதிகம் ஓடியிருக்கும். வட்டம் சிறிதோ பெரிதோ, இந்த 38 மாறாது. நம்பாதவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். எழுத்தராக இருந்தவன் சரிபார்க்காமல் எழுத மாட்டான்.

எஞ்சின் வந்து அச்சையே சுற்ற ஆரம்பித்ததும் இந்த 38 அடி தலைவலியாகிவிட்டது. இரண்டு சக்கரத்தையும் அச்சோடு இறுக்கினால், திருப்பத்தில் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டுதான் போகும். சைக்கிள் ரிக்ஷாக்காரர்கள் சுலபமாக முடித்தார்கள்: ஒரு சக்கரத்தை மட்டும் அச்சோடு இறுக்கி, மற்றதைச் சும்மா சுற்ற விட்டார்கள்.

முறையான தீர்வைக் கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஒனெசிஃபோர் பெக்கேர் என்ற கடிகாரத் தொழிலாளி, பாரிஸின் கோன்சர்வத்துவார் தெ ஸார் ஏ மெத்தியே என்ற தொழிற்கலை நிறுவனத்தைச் சேர்ந்தவர். நீராவி வண்டிக்காக அவர் டிஃப்ரன்ஷியலை உருவாக்கியது 1827இல். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளி தொடங்கியது 1826. அந்த மொழியில் படித்தவன் என்பதால் இந்த ஒரு வருட இடைவெளி எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். பிறகு 1870களில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி மூன்று சக்கர மிதிவண்டிக்கு இதைப் பொருத்தினார். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டியிலும் இது இருந்தது.

லாரிக்குப் பின்னால், இரண்டு சக்கரத்துக்கு நடுவே உருண்டையாகப் பூசணிக்காய் போலத் தெரிகிறதே, அதற்குள்தான் இது இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ஹவுசிங் என்பார்கள். உள்ளே கிரவுன், பினியன், அவற்றோடு சின்னச் சின்னப் பல்சக்கரங்கள். அவை எஞ்சினின் விசையை இரு பக்கமும் சமமாகப் பங்கிடும். வேகத்தை மட்டும் அந்தந்தச் சக்கரத்தின் இஷ்டத்துக்கு விட்டுவிடும்.

நியாயமான பங்கீடுதான். ஆனால் அந்தச் சமத்தில்தான் வம்பு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதற்கு விசையே தேவைப்படாது. சமமாகத்தானே கொடுக்க வேண்டும்? கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும். ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும், மற்றது கல்லுப்பிள்ளையாராக நிற்கும்.

அளத்துக்குப் போகும் மண்பாதையில் ஒரு கோடை மழை பெய்த மறுநாள் இதைப் பார்க்காதவர் நம் ஊரில் உண்டா? முதலில் சக்கரத்துக்கு அடியில் பனை மட்டை போடுவார்கள், பிறகு செங்கல், பிறகு சாக்கு. எதுவும் பலிக்காவிட்டால் பாரத்தைக் குறைக்க வேண்டும். அதாவது, ஏற்றிய மூட்டைகளைப் பெண்களும் ஆண்களும் திரும்ப இறக்கி, லாரி கரையேறியதும் மறுபடி சுமந்து ஏற்ற வேண்டும். கூலி மூட்டைக் கணக்கு. இரண்டாம் முறை ஏற்றியதற்குத் தனியாகக் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. காலில் உப்பு வெடிப்போடு நின்றவர்களிடம் டிரைவர், "என்னம்மா பண்றது, டிஃப்ரன்சல் அப்படி" என்பார். அவர் சொன்னது உண்மைதான்.

இதற்கும் மருந்து இருந்தது. தேவைப்படும்போது இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக் ஒன்று. இன்னொன்று, ஒரு சக்கரம் எல்லை மீறிச் சுற்றாமல் பிடித்து வைக்கும் டிஃப்ரன்ஷியல். ஜெர்மனியில் 1930களில் பந்தயக் கார்களுக்காக அதைச் செய்தார்கள். பந்தயக் காருக்குக் கிடைத்தது நம் பழைய உப்பு லாரிகளுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது விளையாட்டுக் காருக்கே கிடைக்கிறது. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 மாதிரியில் தன் முதல் ரேடியோ கன்ட்ரோல் காரை வெளியிட்டது. இன்றைய டூரிங் கார்கள் அசலில் பத்தில் ஒரு பங்கு அளவு. நாலு சக்கரமும் இழுக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு டிஃப்ரன்ஷியல். சென்னையில் படிக்கும் என் பேரன் விடுமுறைக்கு வந்தபோது அதைத்தான் பிரித்துப் போட்டிருந்தான். பிளாஸ்டிக் பல்சக்கரங்களை எடுத்துவிட்டு உலோகத்தில் போட்டான். உள்ளே சிலிகான் எண்ணெய் ஊற்றி, கசியாமல் ரப்பர் வளையம் வைத்து மூடினான்.

"எண்ணெய் எதுக்குப்பா?"

"ஒரு வீல் மட்டும் தனியா வேகமா சுத்தப் பாத்தா இது விடாது தாத்தா. தடிப்பா ஊத்துனா இன்னும் இறுக்கிப் பிடிக்கும்."

முன்பக்கம் தடித்தது, பின்பக்கம் நீர்த்தது. பின்னாலும் தடிப்பாக ஊற்றினால் திருப்பத்தில் வால் வீசுமாம். பாட்டிலில் இருப்பது நாலு ஸ்பூன் எண்ணெய்; விலையை நான் கேட்கவில்லை.

தெருவில் நாலு நாள் ஓட்டினான். ஐந்தாம் நாள் ஸ்க்ரூ தலைகளிலும் பேரிங்குகளிலும் லேசாகத் துரு. நம் உப்புக் காற்று பற்றி ஜப்பான்காரன் எழுதிய குறிப்பில் ஒன்றும் இல்லை. ராத்திரி தோறும் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கச் சொன்னேன். இங்கே லாரி வைத்திருந்தவர்கள் எல்லோரும் செய்ததுதான்.