புரையும் அதன் வினைகளும்: ஒரு கண்நோய்ப் பெயரின் வரலாறு

'கண்ணில் புரை விழுந்துவிட்டது', 'புரை இன்னும் முற்றவில்லை', 'புரையை உரித்துவிட்டார்கள்' ஆகிய தொடர்கள் கண் மருத்துவமனைக்குச் செல்லும் தமிழர் வாயில் இயல்பாக வருபவை. இவற்றில் பெயர் ஒன்று, வினை மூன்று. நோய் எவ்வாறு வந்தது, எப்போது அறுவை செய்துகொள்வது, அறுவையில் நிகழ்வது யாது என்னும் வினாக்களுக்கு நோயாளி பெறும் விடைகள் இவ்வினைகளிலேயே அடங்கியுள்ளன. இன்றைய கண் மருத்துவத்திற்கு இவ்விடைகளுள் ஒன்றும் பொருந்தாது. எனினும் இவற்றை அறியாமை என ஒதுக்குதல் முறையன்று. இவை மருத்துவர்களே ஒரு காலத்தில் கொண்டிருந்த கருத்துகளின் எச்சங்கள்.

'புரை' என்னும் சொல் தமிழில் பல பொருள் குறிப்பது. குற்றம் எனும் பொருளில் திருக்குறளில் பயில்கிறது. உட்டுளை எனும் பொருள் 'புரையோடிய புண்' என்பதில் உள்ளது. கண்நோய்க்குரிய புரை, படலம் அல்லது மடிப்பு என்னும் பொருளை ஒட்டியதாகலாம். கன்னடத்தில் இந்நோய் 'பொரெ' எனப்படுகிறது; தெலுங்கில் 'பொர' என்பது ஏடு, படலம் எனப் பொருள்படும். ஆயினும் தெலுங்கர் இந்நோயை வெண்மை நோக்கிச் 'சுக்லம்' என்றனர். மலையாளம் இருள் எனப் பொருள்படும் 'திமிரம்' என்னும் வடசொல்லை ஏற்றது. இந்தி 'மோதியாபிந்து' என முத்தையும் துளியையும் இணைத்தது. சுச்ருத சங்கிதையின் உத்தர தந்திரம், ஊசியால் குத்தி மருத்துவம் செய்யத் தகாதவற்றுள் முத்துப் போன்ற தோற்றமுடையதையும் சேர்த்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

'விழுதல்' தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபு மருத்துவ நூலார் இந்நோயை 'நீர் இறங்குதல்' என்றனர். 11-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் ஆப்பிரிக்கர் அதனை இலத்தீனில் அருவியைக் குறிக்கும் 'கேட்டராக்டா' என்னும் சொல்லால் பெயர்த்தார் என்பர். தலையிலிருந்து ஒரு நீர் இறங்கிப் பாவைக்கும் வில்லைக்கும் இடையே உறைந்து திரையாகிறது என்பது அக்காலக் கொள்கை. மங்குவது கண்ணின் வில்லையே, வேறு எதுவும் விழுவதில்லை என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பிரிசோ 1705-இல் இறந்தவர் ஒருவரின் கண்ணை அறுத்துக் காட்டினார். ஆங்கிலேயர் இன்றும் அருவியின் பெயரையே சொல்கின்றனர். ஆனால் ஆங்கிலத்தில் அவ்வுருவகம் செத்துவிட்டது. தமிழில் அது உயிரோடிருக்கிறது. கருவிழியில் வெண்தழும்பு உண்டாவதைக் குறிக்கும் 'பூ விழுதல்' என்னும் தொடரும் உடனிருப்பதால், இரண்டும் கண்ணின் மேற்பரப்பில் படிந்தவை என்றே கேட்போர் கொள்கின்றனர். படிந்ததை உரிக்கலாம். 'உரித்தல்' என்னும் வினை இவ்வழியே வந்தது. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கப்படும் என்றவுடன், 'உரிப்பதற்கு எதற்கு லென்ஸ்?' என நோயாளி கேட்பதும் அதனால்தான். அவ்வினா தருக்கப்படி சரியானதே.

வரலாற்று நோக்கில் மிகவும் செறிவானது 'முற்றுதல்'. வாக்படரின் அட்டாங்க இருதயம், நன்கு உருவாகிப் பார்வையை முற்றும் மறைத்த கபலிங்கநாசத்தையே குத்தற்குரியதாகக் கொள்கிறது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஊசியால் வில்லையைக் கண்ணுக்குள் கீழே தள்ளும் முறையில், இறுகாத வில்லை உடைந்து சிதறும். 1747-இல் பிரெஞ்சு மருத்துவர் தாவியேல் வில்லையை வெளியே எடுக்கும் அறுவையைத் தொடங்கிய பின்னரும் காத்திருத்தல் தேவைப்பட்டது. முற்றாத வில்லையின் தெளிந்த பகுதி உறையில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கி அழற்சியை உண்டாக்கும். ஆகவே 'முற்றட்டும்' என மருத்துவர் கூறியது நோயாளியின் நன்மை கருதியே.

இந்தியாவில் ஊசிமுறை 20-ஆம் நூற்றாண்டிலும் ஊர்தோறும் நடந்தது. சென்னை அரசுக் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்த எலியட், ஊசிமுறையால் கெட்ட கண்களை ஆராய்ந்து, 1917-இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளின் அடிப்படையில் ஒரு நூலே எழுதினார். குத்திய உடனே பார்வை தெரியும். ஊசி வைத்தியர் கூலி பெற்று அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கண் கெடுவது பின்னர். இதே காலத்தில் ஜலந்தரில் ஹென்றி ஸ்மித் வில்லையை உறையோடு முழுமையாக வெளியே எடுக்கும் முறையைப் பேரளவில் செய்துவந்தார். உறையே வந்துவிடுவதால் முற்றாமை இதற்குத் தடையன்று. மருத்துவக் காரணம் அப்போதே தளர்ந்தது எனலாம்.

சொல் ஏன் தளரவில்லை? காத்திருத்தலுக்கு வேறொரு காரணம் வந்து சேர்ந்தது. வில்லை இழந்த கண்ணுக்குத் தடித்த 'சோடாபுட்டிக் கண்ணாடி' வேண்டும். அக்கண்ணாடி பொருளைப் பெரிதாக்கிக் காட்டும். மறுகண் நன்றாக இருப்பின் இரு உருவங்களும் ஒன்றாகா. எனவே இரு கண்களும் நலியும்வரை பொறுப்பதே பெரும்பாலோர்க்கு அறிவுடைய முடிவாயிற்று. பழைய காரணம் மறைந்து புதிய காரணம் வந்தபோதும் 'முற்றுதல்' என்ற வினை மாறவில்லை. சொல் மாறாததால் காரணம் மாறியதைப் பொதுமக்கள் உணரவுமில்லை.

கண்ணுக்குள் வைக்கும் வில்லை இரண்டாவது காரணத்தையும் நீக்கியது. இலண்டனில் ரிட்லி அதனை முதன்முதலாகப் பொருத்தியது 1949-இல். இந்தியாவில் அது எளியோர்க்கும் கிட்டியதில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தோன்றிய ஆரோலேப் குறைந்த விலையில் வில்லைகளைச் செய்ததற்குப் பெரும் பங்குண்டு. மிகையொலியால் வில்லையைக் கரைத்து உறிஞ்சும் முறையை அமெரிக்காவில் கெல்மன் 1967-இல் தொடங்கியிருந்தார். இம்முறை பரவியதும் நிலைமை தலைகீழாயிற்று. இறுகிய வில்லையைக் கரைக்க மிகுதியான ஆற்றல் வேண்டும்; கருவிழியின் உட்பக்கத்திற்கு ஊறு நேரலாம். மிகவும் முற்றிய வில்லை கசிந்து கண் அழுத்தத்தை ஏற்றுவதும் உண்டு. 'முற்றட்டும்' என்னும் அறிவுரை இன்று நோயாளிக்கு எதிராகவே வேலை செய்யக்கூடும். அன்றாட வேலைக்குப் பார்வை இடையூறாகிறதா என்பதே இன்று பெரும்பாலும் அறுவைக் காலத்தை முடிவு செய்கிறது. இடையூறு இல்லையேல் காத்திருத்தலும் நேர்மையான தெரிவே.

புதிய முறைக்கும் மக்கள் பெயரிட்டனர்: 'லேசர் ஆபரேஷன்'. மிகையொலி முறையில் லேசர் இல்லை. பின்னாளில் லேசரைப் பயன்படுத்தும் தனிமுறையும் வந்துவிட்டதால், கட்டண வேறுபாட்டை விளக்கும் இடத்தில் இப்பெயர் குழப்பம் தருகிறது. அறுவைக்குப் பின் எஞ்சிய உறை மங்குவதைப் 'புரை திரும்ப வந்துவிட்டது' என்பதும் இத்தகையதே. வேடிக்கை என்னவெனில், அம்மங்கலை நீக்குவதற்கு உண்மையிலேயே லேசர்தான் பயன்படுகிறது.

உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008 சனவரி 16-இல் அளித்த தீர்ப்பு, மருத்துவத்தின் தன்மை, மாற்று வழிகள், இடர்கள், மறுத்தால் நேர்வன ஆகியவை நோயாளிக்குக் கூறப்பட வேண்டும் என்றது. இசைவுப் படிவத்தைத் தமிழாக்குவோர் 'புரை' என்னும் பெயரை விட்டு 'விழிவில்லை மங்கல்' எனப் புதுச்சொல் புனைய முற்படுவதுண்டு. அது தேவையற்ற உழைப்பு. பெயர் இங்குத் தீங்கு செய்யவில்லை. திருத்தம் வேண்டுவது வினைகளிலே. 'கண்ணின் வில்லை மங்குவதே புரை, மங்கிய வில்லையை எடுத்து வேறு வில்லை வைக்கப்படும்' என்றால் நோயாளிக்குத் தெரிந்த சொல்லும் நிற்கும், செய்தியும் சேரும்.

கண் அழுத்த நோயில் நிலைமை வேறு. அங்குப் பெயரே இடர். இந்தி வழங்கும் பகுதிகளில் அதனைக் 'காலா மோதியா' என்பர்; புரை 'சஃபேத் மோதியா'. கறுப்பு, வெள்ளை என்னும் அடைகள் ஒரே இனத்தின் இரு வகைகளைக் காட்டுவன. வெள்ளை முத்து அறுவையால் நீங்கிப் பார்வை மீளுமெனில் கறுப்பு முத்தும் அவ்வாறே என நோயாளி கருதுவார்; 'முற்றும்' வரை பொறுக்கவும் செய்வார். ஆனால் இந்நோயில் பார்வை நரம்பு அழிவதால் போன பார்வை மீளாது. எலியட் சென்னையில் வகுத்து 1909-இல் வெளியிட்ட துளையிடும் அறுவையும், இன்றைய அறுவைகளும் எஞ்சிய பார்வையைக் காப்பதற்கே. புரையில் காத்திருத்தல் ஒரு தெரிவு. இங்கு அது இழப்பு.

தமிழ் இந்த உவமைக் கண்ணியில் சிக்கவில்லை. 'கண்நீர் அழுத்தம்' என்னும் ஆக்கம் புரையோடு எவ்வகையிலும் இணையவில்லை. எனினும் புணர்ச்சி விதிப்படி கண்+நீர் 'கண்ணீர்' ஆதல் வேண்டும். கண்ணுக்குள் சுரக்கும் நீரைக் கண்ணீரினின்று பிரித்துக் காட்டவே எழுத்தில் புணர்ச்சி தவிர்க்கப்பட்டது. பேச்சில் அவ்வேறுபாடு நிற்பதில்லை. கேட்போர் கண்ணீரையே நினைக்கின்றனர். அல்லது 'கண் பிரஷர்' எனச் சுருக்கி, இரத்த அழுத்த மாத்திரை உண்பதால் அதுவும் அடங்கியிருக்கும் என நம்புகின்றனர். 'கண்ணின் உள்அழுத்தம்' என்பது இவ்விரு மயக்கத்தையும் பெருமளவு தவிர்க்கும். ஆயின் அழுத்தம் இயல்பு அளவில் இருக்கும்போதே நரம்பு நலியும் வகையும் இந்நோயில் உண்டு. அவ்வகை நோயாளியிடம் 'அழுத்தம்' என்னும் சொல்லை எவ்வாறு கையாள்வது என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் தனியே வழி காண வேண்டியுள்ளது.