சூழ்வார் என்னும் சொல்



ஒருவனைச் 'சூழ்ச்சிக்காரன்' என்றால் இன்று அது வசையாகும். பண்டைத் தமிழில் 'சூழ்ச்சி' வசைச்சொல் அன்று. திருச்சுழி வட்டாரத்தில் நான் ஆசிரியனாய் இருந்த நாள்களில், 671ஆம் குறளைப் படிக்கும் மாணாக்கர் இச்சொல்லைக் கண்டு திகைப்பதைப் பலகால் பார்த்திருக்கிறேன். அங்கு அதன் பொருள் 'ஆராய்ந்து எண்ணுதல்' என்பதே. 445ஆம் குறளோ, ஆராய்ந்து உரைக்கும் அமைச்சரைச் 'சூழ்வார்' என்று குறித்து, அவரை மன்னனுக்குக் கண்ணாக வைக்கின்றது.

'சூழ்' என்னும் வினைக்குச் சுற்றுதல், ஆராய்தல் என இரு பொருள் உண்டு. ஒன்றை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்து எண்ணுதலே சூழ்தல் எனக் கொள்ளலாம். கிரேக்கர் வழங்கிய 'ஸ்திராதேகோஸ்' என்னும் சொல்லுக்குப் 'படை நடத்துவோன்' என்பது பொருள். ஏதென்சு நகரத்தார் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இத்தகையோர் 10 பேரை ஆண்டுதோறும் தேர்ந்தனர். அவர்தம் சொல் போர்க்களத்திற் பிறந்தது. நம் சொல் எண்ணத்திற் பிறந்தது.

பின் இழிவு எங்ஙனம் வந்தது? 204ஆம் குறள், பிறர்க்குக் 'கேடு' சூழற்க என்று எச்சரிக்கின்றது. கேடு எனத் தனியே கூறவேண்டி இருந்ததால், சூழ்தல் தன்னளவில் தீதன்று என்பது புலனாகும். நாளடைவில் 'கேடு' சொல்லாமலே 'சூழ்ச்சி' அதனையும் சுமக்கலாயிற்று.

நம் வறண்ட நிலத்துக் கண்மாய்களே இதற்குச் சான்று. கண்மாய் அமைப்போர், வரத்துக்கால் எங்கிருந்து வரும், மடை எவ்வளவு தாழ்வாய் இருத்தல் வேண்டும், கலுங்கு வழியும் நீர் எந்தக் கண்மாய்க்குச் செல்லும் என்றெல்லாம் சூழ்ந்தறிய வேண்டும். மேலூரார் தம் கலுங்கை மட்டும் உயர்த்திக் கட்டின் அவர் கண்மாய் நிறையும். கீழூரார் வயல் காயும். அதுவும் சூழ்ச்சிதான், ஆயின் கேடு சூழ்ந்த சூழ்ச்சி. அடுத்த ஊரின் நீரையும் எண்ணியவரே சூழ்வார் எனத் தகும்.

திட்டமிடுவோர் அனைவரையும் ஐயுறும் ஊரில் நல்ல திட்டமும் தோற்கும். ஆதலின், ஒரு திட்டத்தைக் கேட்கும்போது, 'இது எவரையெல்லாம் சுற்றிப் பார்த்து எண்ணியது?' என்று வினவுங்கள். அவ்வினாவே சூழ்வாரையும் கேடு சூழ்வாரையும் பிரித்தறியும் வழி.