பாறு மறைந்தபின்: சார்பு வாழ்வு பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதை விளக்கத் தேனீயையும் பூவையும் காட்டுவது வழக்கம். அங்கே இருவருக்கும் ஆதாயம் இருப்பதால் சார்பு என்பதே இணக்கம் என்று தோன்றிவிடுகிறது. மனித சமூகத்தில் மிகுதியாக இருப்பதோ சமமில்லாத சார்பு. அதை ஆராயப் பிணந்தின்னிக் கழுகான பாறு ஏற்ற பறவை.

2. அழிவு நேர்ந்த விதம்

இந்தியாவில் முன்பு செத்த மாட்டை ஊர்ப்புறத்தில் போடுவார்கள். பாறுகள் கூடிச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். அவற்றின் கடும் இரைப்பை அமிலத்தில் பல நோய்க்கிருமிகள் மடியும். 1990களில் அவை கூட்டங்கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 விழுக்காடு குறைந்தது.

காரணம் நோய்த்தொற்று என்றே முதலில் ஐயுற்றனர். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் உண்மையை வெளியிட்டது: மாடுகளின் வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக். அந்த ஊசி போட்டு ஓரிரு நாளில் செத்த மாட்டைத் தின்ற பாறின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்தது. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இத்தகைய சரிவு நேரும் என்று கணக்கிட்டுள்ளனர். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவைக்கு அதுவே போதும். இதில் கொடியவர் எவருமில்லை என்பதுதான் துயரம். நொண்டும் மாட்டின் மேல் இரக்கப்பட்டே ஊசி போட்டார்கள்.

3. இழப்பின் விலை

பிணங்கள் அழுகிக் கிடந்தன, நீர்நிலைகள் கெட்டன, தெருநாய்கள் பெருகின. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் கூடுதல் மனிதச் சாவுகளுக்குப் பாறுகளின் அழிவைக் காரணமாக மதிப்பிடுகிறது. மும்பைப் பார்சிகள், இறந்தோரைப் பாறுகளுக்கு இரையாகக் கிடத்தும் தங்கள் அமைதிக் கோபுரங்களில் வெயிலைக் குவிக்கும் கருவிகளை வைக்க நேர்ந்தது. கூலி கேட்காத பறவையின் வேலை எவ்வளவு பெறும் என்பது அது போனபின்தான் கணக்கில் ஏறியது.

4. சமூகத்துக்குப் பொருந்துமா?

துப்புரவுப் பணியாளர் ஒரு வாரம் வராவிட்டால் எந்த நகரமும் நாறும். ஒப்புமை எளிதாகத் தோன்றும். ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். உடலுக்கு உறுப்புகள் போலச் சமூகத்தில் ஆளுக்கொரு வேலை என்று சாதியை நியாயப்படுத்தியவர்களும் இதே சார்பு வாதத்தைத்தான் எடுத்தார்கள். பாறு பிணம் தின்பது அதன் இயல்பு. மலக்குழிக்குள் இறங்குவது எந்த மனிதருக்கும் இயல்பல்ல. பிறப்பைக் காட்டி அவர் தள்ளப்பட்டார். ஆகவே யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதற்கு இயற்கையிடம் சான்று தேடக்கூடாது. யாரால் நாம் உயிரோடிருக்கிறோம் என்று மட்டும் அதனிடம் கேட்கலாம்.

5. சட்டமும் ஓட்டையும்

கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா 2006இல் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திரும்பின. 2015இல் அவற்றை 3 மில்லி அளவாகச் சுருக்கினார்கள். பாறுகளுக்கு நஞ்சான வேறு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கால்நடைக்குத் தடுக்க 2023 ஆனது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிராகவும் 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. குழிச் சாவுகள் இன்றும் செய்தியாகின்றன.

தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் எஞ்சியுள்ளன. பிணந்தின்னி என்று ஊர் இகழும் இந்த இனத்தைத் திருக்கழுக்குன்றம் முனிவராகவே கொண்டாடியது. உச்சிவேளையில் மலைக்கு வரும் இரண்டு மஞ்சள் முகப் பாறுகளுக்கு அர்ச்சகர் பொங்கல் வைப்பார். 1990களின் இறுதிக்குப் பின் அவை அங்கு வருவதில்லை.