காற்றை வடித்தெடுத்த கதை

காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். ஆனால் அதை மட்டும் தனியே பிரித்தெடுப்பது 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாடு. பேரியம் ஆக்சைடைச் சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும். சூட்டை இன்னும் கூட்டினால் திரும்பக் கொடுக்கும். 1886இல் லண்டனில் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கிடைத்த ஆக்சிஜனோ கொஞ்சம், விலையோ அதிகம்.

வழி திறந்தவர் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே. மியூனிக்கில் பேராசிரியராக இருந்தவர், பீர் ஆலைகளுக்குக் குளிர்பதன இயந்திரம் செய்துகொடுக்க அந்த வேலையை விட்டார். அழுத்திய காற்றைச் சிறு திறப்பு வழியே விரியவிட்டால் குளிரும். ஆனால் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குக் கால் டிகிரிதான். அந்தச் சிறு குளிரை லிண்டே வீணாக்கவில்லை. குளிர்ந்த காற்றை, உள்ளே வரும் காற்றுக் குழாயைச் சுற்றியே திருப்பி அனுப்பினார். வரும் காற்று முன்னைவிடக் குளிர்ந்து வரும். விரிந்ததும் இன்னும் குளிரும். இப்படிக் குளிர் சேர்ந்துகொண்டே போய், 1895 மே மாதம் காற்று திரவமானது. இளநீல நிறம், சுற்றிலும் புகைமண்டலம். மணிக்கு 3 லிட்டர் அளவில் ஒரு பெரிய வாளியில் பிடித்தார்கள்.

அடுத்து, பிரிக்க வேண்டும். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும், ஆக்சிஜன் மைனஸ் 183இல். இடைவெளி வெறும் 13 டிகிரி. சும்மா கொதிக்கவிட்டால் நைட்ரஜன் முந்திக்கொண்டு கிளம்பும், ஆனால் ஆக்சிஜனையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். இதற்கு மருந்து சாராய ஆலைகளில் ஏற்கெனவே இருந்தது: தட்டுத்தட்டாக அமைந்த வடிகோபுரம். மேலிருந்து திரவம் இறங்கும், கீழிருந்து ஆவி ஏறும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் சந்திக்கும்போது, ஆவியிலுள்ள ஆக்சிஜன் திரவத்தில் சேரும். திரவத்திலுள்ள நைட்ரஜன் ஆவியாகிப் பிரியும். ஒரு தட்டில் நடப்பது சிறிதுதான். பல தட்டுகளைக் கடந்து அடியில் சேரும்போது அது ஏறக்குறைய தூய ஆக்சிஜன். 1902இல் லிண்டே இதைச் செய்து காட்டினார்.

ஒரு குறை மிஞ்சியது. கோபுர உச்சியில் ஊற்றியதே திரவக் காற்று என்பதால், வெளியேறிய நைட்ரஜனில் சுமார் 7 சதவீதம் ஆக்சிஜன் கலந்திருந்தது. 1910இல் ஒரு கோபுரத்தின் மேல் இன்னொரு கோபுரத்தை ஏற்றி இதைத் தீர்த்தார்கள். கீழ்க்கோபுரத்தில் ஐந்தாறு மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் மைனஸ் 178 டிகிரி வாக்கிலேயே திரவமாகிவிடும். அப்போது அது விடும் வெப்பம், மேல்கோபுரத்தின் அடியில் நிற்கும் ஆக்சிஜனைக் கொதிக்கவைக்கும். திரவமான நைட்ரஜனை உச்சியில் ஊற்றினால், ஏறிவரும் ஆவியில் மிஞ்சிய ஆக்சிஜனையும் கழுவிக் கீழே இறக்கிவிடும். கொதிக்கவைக்கத் தனி அடுப்பு வேண்டாம். இந்த அமைப்பின் முன் நான் இன்றும் வியந்து நிற்கிறேன்.

இன்றைய பெரிய ஆக்சிஜன் ஆலைகளின் அடிப்படையும் இதே இரட்டைக் கோபுரம்தான். உருக்காலைகளுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும் என்பதால் அங்கேயே இவை நிற்கின்றன. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ரூர்கேலா, பொகாரோ போன்ற உருக்காலை ஊர்களிலிருந்து திரவ ஆக்சிஜன் டேங்கர்களை ரயிலேற்றி அனுப்பியது இதனால்தான். அன்று நமக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம், வடித்ததை நோயாளியின் கட்டில்வரை கொண்டுசேர்க்கும் டேங்கருக்கும் சிலிண்டருக்கும்தான். கோபுரம் கட்டும் அக்கறை அந்தக் கடைசி மைல்வரை நீள வேண்டும்.