கலத்தின் சுவரில் எழுதப்பட்ட வரலாறு

விண்வெளி ஆய்வின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே வாசிக்கிறோம். வெள்ளிக் கோளின் தரையிலிருந்து முதன்முதலில் தகவல் அனுப்பிய கலம் வெனேரா 7 என்பது அப்பட்டியலில் ஒரு வரி. அதற்கு முன் வழியிலேயே மௌனமான கலங்களுக்கு அந்த இடமும் கிடைப்பதில்லை. எனினும் அக்கோளின் அபாயம் எத்தகையது என்பதைப் படிப்படியாக வெளிப்படுத்தியவை அவையே.

அடர்ந்த மேகம் வெள்ளியின் தரையை மறைத்திருந்தது. மேகத்தின் கீழே சதுப்புநிலம் பரந்திருக்கும் என்று 1918இல் எழுதினார் வேதியியலாளர் ஸ்வான்டே அர்ரேனியஸ். 1956இல் எடுக்கப்பட்ட ரேடியோ அளவீடுகள் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் காட்டின. ஆனால் அவ்வெப்பம் தரைக்குரியதா, மேல் வளிமண்டலத்துக்குரியதா என்ற விவாதம் நீடித்தது. 1967இல் புறப்பட்ட வெனேரா 4இன் இறங்குகலத்தில் சோவியத் பொறியாளர்கள் சர்க்கரையாலான ஒரு பூட்டைப் பொருத்தியிருந்தனர். கலம் நீரில் விழுந்தால் சர்க்கரை கரைந்து, ஆண்டெனா விடுபடும். கடல் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அன்றுவரை மறையவில்லை.

1967 அக்டோபர் 18 அன்று வெனேரா 4 ஒன்றரை மணி நேரம் தகவல் அனுப்பிவிட்டு மௌனமானது. கலம் தரையை அடைந்துவிட்டதாக மாஸ்கோ அறிவித்தது. மறுநாளே அமெரிக்காவின் மாரினர் 5 வெள்ளியைக் கடந்து சென்றது. அதன் தரவையும், பூமியிலிருந்து ராடார் அளந்த கோளின் ஆரத்தையும் இணைத்துப் பார்த்தபோது, குரல் நின்ற இடத்துக்குக் கீழே இன்னும் சுமார் 25 கிலோமீட்டர் ஆழத்துக்கு வளிமண்டலம் இருந்தது தெரியவந்தது.

1969இல் வெனேரா 5, 6 ஆகிய இரண்டும் 25 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும்படி வலுப்படுத்தப்பட்டுச் சென்றன. தரையைத் தொடுமுன்பே அவையும் மௌனமாயின. வெனேரா 7 டைட்டானியத்தால் 180 வளிமண்டல அழுத்தத்துக்கெனக் கட்டப்பட்டது. 1970 டிசம்பர் 15 அன்று பாராசூட் பழுதுபட்டு அது வேகமாகத் தரையில் மோதியது. தொடர்பு அறுந்ததாகவே கருதப்பட்டது. பதிவு நாடாக்களைப் பின்னர் மீண்டும் ஆராய்ந்தபோது, இரைச்சலுக்குள் 23 நிமிட மெல்லிய சமிக்ஞை அகப்பட்டது. தரையின் வெப்பம் ஏறத்தாழ 475 டிகிரி. கணக்கிட்டுப் பெற்ற அழுத்தம் சுமார் 90 மடங்கு. 1972இல் வெனேரா 8இன் தாங்குதிறன் 105ஆகக் குறைக்கப்பட்டது. மிச்சமான எடையில் கூடுதல் கருவிகள் சென்றன.

25, 180, 105 என்னும் இவ்வெண்களை அறிவியல் வரலாற்றாளர் ஆவணமாக வாசிக்க வேண்டும். முதலாவது அரைகுறை ஐயம், இரண்டாவது அறியாமையை ஒப்புக்கொண்ட எச்சரிக்கை, மூன்றாவது அறிவு. அரசின் அறிவிப்புகள் சொல்லாததைக் கலத்தின் சுவர் சொல்கிறது.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். 2019இல் சந்திரயான் 2இன் இறங்குகலத்துக்கு வரையறுக்கப்பட்ட தரையிறங்கு பரப்பு 500 மீட்டருக்கு 500 மீட்டர். அது தோற்றபின், 2023இல் சந்திரயான் 3க்கு அது 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது, கால்களும் வலுப்பெற்றன. இம்மாற்றங்களுக்குப் பின்னிருந்த வாதங்களும் வரைபடங்களும் தோல்வி அறிக்கைகளும் ஆவணக் காப்பகங்களைச் சேர்ந்து, ஆய்வாளருக்குத் திறந்திருக்க வேண்டும். இல்லையெனில் நாளைய மாணவருக்கு எஞ்சப்போவது தரையிறங்கிய நாளின் கைதட்டல் மட்டுமே.